பாஸ் கேட்காத கடல்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நகரின் புறத்தே மங்கரேயில் வாடகை வீடு. கணவருக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு ஓடுவேன்.

ஒருநாள் வேலையால் வந்த கணவர் சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டார்.

“இஞ்சை கடல்ல மீன் பிடிக்க லைசென்ஸே வேண்டாமாம்! வேலையில கேட்டனான். ஆரும் போகலாமாம்.”

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஊரில் நாங்கள் புறப்படும்போது கடலுக்குப் போகத் தடை. தடை தளர்ந்த நாட்களிலும் ஆமியின் பாஸ் வேண்டும். இங்கே அனுமதியே வேண்டாம் என்றால், கடலுக்குச் சட்டமே இல்லை என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். பல்கலைக்கழகம் போன இரண்டு பேர் சேர்ந்து கட்டிய முடிவு அது!

அந்த ஞாயிறு ஊர் முறைப்படி மீன் போட்டுக் கூழ் காய்ச்சுவதாகத் தெரிந்த குடும்பங்களுக்குச் சொல்லியிருந்தோம். அதனால் சனிக்கிழமை காலை தூண்டிலோடு மங்கரே பழைய பாலத்துக்குப் போனோம். பார்வைக்கு எங்கள் விளைமீன் போல இருக்கும் ஸ்னாப்பர், ஒன்றைத் தவிர எல்லாம் சின்னதாகவே அகப்பட்டது.

“சின்னனுகளை விட்டிடாதேங்கோ, கூழுக்கு அதுதான் ருசி” என்று வாளியை நான்தான் நிரப்பினேன்.

பக்கத்தில் இந்த நாட்டுப் பூர்வகுடியான ஒரு மாவோரிக்காரர். எங்களுக்குத் தூண்டில் இரை தந்தவர். அவர் சின்ன மீன்களையெல்லாம் திரும்பக் கடலில் விட்டுக்கொண்டிருந்தார். பாவம், மீன் தின்னத் தெரியாத மனிதர் என்று நினைத்தேன். ஒரு தடவை எங்கள் வாளியை எட்டிப் பார்த்து, “ஒன்றைத் தவிர எல்லாம் சின்னது” என்று தலையாட்டினார். எங்களை இளக்காரமாகச் சொல்கிறார் என்று என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்களிடம் இருந்த ஒரே பெரிய மீனைத் தூக்கி அவரிடமே கொடுத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் சீருடை போட்ட மீன்வள அதிகாரி ஒருவர் வந்து எங்கள் முன்னால் நின்றார். அவர் வாய் திறக்க முன்னமே என் கணவர் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதிகாரி அதை வாங்கவில்லை. குனிந்து வாளியைப் பார்த்தார். அளவுகோலை எடுத்து ஒவ்வொரு மீனாக வைத்தார். ஒன்றும் தேறவில்லை.

அளவுக்குக் குறைந்த மீனை வைத்திருப்பது குற்றம், அபராதம் உண்டு, தூண்டிலைப் பறிக்கலாம், பெரிய குற்றமென்றால் காரையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கும் அனுப்பலாம் என்று நிதானமாகச் சொன்னார். வழக்கொன்று விழுந்தால் எங்கள் விண்ணப்பம் என்னாகும்? கூழ் ஆசையில் எங்களைத் திரும்பவும் யுத்தத்துக்குள் தள்ளிவிட்டேனே என்று அழுகை வந்தது.

அப்போது அந்த மாவோரிக்காரர் பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். “வைத்திருக்கக்கூடிய ஒரே மீனை எனக்குத் தந்துவிட்டார்கள். களவெடுக்க வந்தவர்கள் இப்படிச் செய்வார்களா? நானாவது விளங்கச் சொல்லியிருக்க வேண்டும்” என்றார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை எச்சரிக்கை மட்டும், அடுத்த முறை இரக்கமில்லை என்றார். மீன்கள் இன்னும் முட்டை போடும் வயதுக்கு வரவில்லை என்று விளக்கினார். உயிரோடு இருந்தவற்றையும் செத்தவற்றையும் எங்கள் கையாலேயே கடலில் விட வைத்தார். செத்தவை மிதந்து போனதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

என் கணவர் இன்னும் ஒரு கையில் அட்டையைப் பிடித்தபடியே நின்றார். ஏன் அதைக் காட்டினீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஊரில் பிழை செய்யாவிட்டாலும் சீருடைக்காரர் மறித்தால் முதலில் அட்டையைத்தான் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று கணவர் சொன்னார். அதை உள்ளே வையுங்கள் என்று அதிகாரி கையைக் காட்டினார்.

பிறகு, “இங்கே நீங்கள் யாரென்று எனக்குத் தேவையில்லை. மீனைக் காட்டினால் போதும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

ஞாயிறு கூழுக்குக் கடையில் வாங்கிய மீன்தான். பிறகு எங்களுக்கு விசாவும் கிடைத்து, பிள்ளைகளும் இங்கேயே வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் மனம் லேசாகிவிடுகிறது. சீருடை போட்ட ஒருவர், நான் செய்த பிழைக்காக மட்டும் என்னைக் கேள்வி கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.