பிச்சிப்பூவும் மட்டிக்குலையும்

பூட்டிய அறையைத் திறந்ததும் முகத்தில் மோதிய அந்த வாடை, பழுத்த மட்டி வாழைப்பழத்தின் இனிப்பும் கெட்டுப்போன பிச்சிப்பூவின் புளிப்பும் கலந்தது, என்னை இன்றும் விட்டுப் போகவில்லை. பிள்ளைகளே, என் அம்மாவின் நல்ல பெயர் போனது அந்த அறையில்தான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மாமி, அதாவது அப்பாவின் அக்கா, தன் மகளுக்குக் காஞ்சிரங்குளத்து மாப்பிள்ளையைப் பேசி முடித்து, கல்யாணப் பூவை அம்மாவிடம் ஒப்படைத்திருந்தார். அம்மா மொட்டாகவே கட்டி, தண்ணீர் தெளித்து, ஈரம் சொட்டாமல் உதறி, வாழையிலையில் "பொதிஞ்சு", நனைத்த சாக்கைச் சுற்றிக் குளிர்ந்த தரையில் வைத்தால் மறுநாளும் மொட்டு வாடாது. அன்றும் மாமி வீட்டு அறையில் அப்படித்தான் வைத்தார். சாயங்காலம் மாமி, விருந்துக்காகப் புகைபோட்டுப் பழுக்கவைத்த மட்டிக்குலைகளையும் அதே அறையில் அடுக்கி, யாரும் பழத்தைப் பிய்க்காமலிருக்கக் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

காலையில் பூவெல்லாம் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது.

"எட்டீ, எனக்க மவ தலையிலே பூ ஏறப்பிடாதுன்னு வெந்நியைத் தெளிச்சியாக்கும்?" என்றார் மாமி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி.

"மைனி, சாவி உங்க கையிலே அல்லவா இருந்துது?" என்றார் அம்மா.

"சாவி பூட்டுக்கு. உனக்க கொள்ளிக்கண்ணுக்குப் பூட்டு உண்டா?"

பந்தலே சிரித்தது. அப்பா குனிந்து, துடைத்த இலையையே துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்து நடந்தவர், சாகும்வரை மாமி வீட்டுப் படியை மிதிக்கவில்லை. ஊரிலும் எந்தக் கல்யாணத்துக்கும் அவரைப் பூக்கட்டக் கூப்பிடவில்லை.

போன மாதம் உங்கள் பள்ளி விழாவுக்குப் பாறசாலையில் பூ வாங்கியபோது, கடைக்காரர் தெர்மாகோல் பெட்டியை ஒட்டிக்கொண்டே, "பழத்துப் பக்கத்திலே வைக்காண்டாம், கேட்டேளா. பழம் பழுக்கும்போ ஒரு வாயு வரும், பூ உதுந்து போவும்" என்றார். பெட்டியோடு நேரே மாமி வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன்.

இப்போதெல்லாம் கல்யாணம் மண்டபத்தில் நடக்கிறது, பூ ஐஸ் வைத்து வண்டியில் வருகிறது. சொந்தக்காரர்கள் கூடியிருந்து கட்டுவதில்லை. அம்மாவும் இல்லை.

நான் சொன்னதைக் கேட்டு மாமி பெட்டியைத் தள்ளி வைத்தார். "செரி, குலையை வச்சது நான்தான். அவதான் போயாச்சே. இனி யாருக்கிட்டே மக்கா சொல்ல?"

"எனக்கிட்டே சொல்லுங்க மாமி."

"சாயா குடிக்கியா?" என்றார்.

நான் குடிக்கவில்லை.