ஐஸில் ஒரு வாகரை

லூயிஷாம் சந்தையில் மழை தூறுகிறது. எந்த ஊர் என்று நான் கேட்டதற்கு, மீன்கடைக்காரர் நொறுக்கிய ஐஸை இரண்டு கையாலும் ஒதுக்கி நீளமாய் ஒரு வரம்பு கட்டுகிறார்.

"இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் களப்பு, கடல் தண்ணி உள்ள வந்து நிக்கிற ஏரி. நடுவில மணல்." வரம்பின் மேல் ஒரு பாரை மீனைக் கிடத்துகிறார். "இதுதான் வாகரை. மட்டக்களப்புக்கு வடக்கால."

"பரம்பரையா மீனவங்களா?" மீன்கடைக்காரரிடம் வேறென்ன கேட்கத் தோன்றும்?

"இல்லை அண்ணன், நாங்க வேடர். களப்புக்கு அங்கால காடு. பிறகுதான் கடலுக்கு வந்தம். எங்கட வீட்டுச் சடங்கில இண்டைக்கும் முதல்ல தேன், பிறகுதான் மீன். சண்டைக்கு ஓடினம், சுனாமிக்கு ஓடினம், திரும்பி வந்திட்டம். இப்ப ஹோட்டல் கட்டக் காணி கேக்கிறாங்க."

"குடுத்துட்டீங்களா?"

அவர் வாய் திறப்பதற்குள், குடையோடு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் அந்தப் பாரையைக் கைகாட்டுகிறார். மீன்கடைக்காரர், அது விற்பனைக்கு இல்லை என்று ஆங்கிலத்தில் சிரித்தபடி சொல்லிவிட்டு, கடல் பக்கத்திலிருந்து அதைவிடப் பெரிதாய் ஒன்றை எடுத்து நிறுக்கிறார்.

நான் மறுபடி கேட்கவில்லை. ஐஸ் வரம்பின் மேல் வாகரை ஈரமாய் மின்னிக்கொண்டு கிடக்கிறது.