ஆணியில் தொங்கிய நைனா

அப்பா கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனபோது தம்பிக்கு மூன்று மாதம். எனக்கு ஒன்பது வயது. கேட்காமலே எல்லாருக்கும் யோசனை சொல்லும் வயது. அப்பாவின் ஒவ்வொரு கடிதமும் ஒரே கேள்வியோடுதான் முடியும்: 'பையனுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?' வாசித்துக் காட்டுவது நான். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

ஞாபகம் என்பது வாய்ப்பாடு மாதிரிதானே, தினமும் ஒப்பித்தால் நிற்கும் என்று நான் முடிவு கட்டினேன். முன்பு அப்பா தண்டையார்பேட்டைப் பட்டறையில் இருந்தபோது, ஐந்து மணிச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்து தம்பியைத் தூக்குவார். ஆகவே சங்கு ஊதியதும், சுவரில் ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் காக்கிச் சட்டையிடம் அவனைத் தூக்கிப் போய், "நைனா பாரு, நைனா!" என்பேன். சட்டையின் கையால் அவன் கன்னத்தைத் தடவுவேன். எட்டு மாதம், ஒரு நாள் தப்பவில்லை. வாசனை போய்விடும் என்று சட்டையைத் துவைக்கவும் விடவில்லை. அம்மா அந்தச் சுவர்ப் பக்கமே போக மாட்டாள்.

பையன் தேறிவிட்டான். சங்கு ஊதினால் போதும், சுவரை நோக்கித் தவழ்ந்து போய்ச் சட்டையைப் பார்த்துச் சிரிப்பான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா புதுச் சட்டையும் வாசனை எண்ணெயுமாக வந்து இறங்கினார். பெட்டியை வைத்துவிட்டு அறை நடுவில் குந்தி, இரண்டு கையையும் நீட்டினார். சரியாக அப்போது சங்கு ஊதியது. தம்பி சிரித்துக்கொண்டே தவழ்ந்து வந்தான். அப்பாவைச் சுற்றிக்கொண்டு நேரே சட்டையிடம் போய்ச் சேர்ந்தான்.

"இன்னாடி இது? சொக்காவப் பாத்து சிரிச்சிகினு கீறான்! நான் யாரு, பக்கத்து வூட்டுக்காரனா?"

"அத்த எடுத்து மாட்டிக்கய்யா, சரியாப் பூடும்" என்றாள் அம்மா.

மாட்டிக்கொண்டார். தம்பி வெறும் ஆணியைப் பார்த்தான். பிறகு, தன் நைனாவை எடுத்து மாட்டிக்கொண்ட அந்த அந்நிய மனிதரைப் பார்த்தான். தெருவே கூடும்படி வீறிட்டான்.

அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் என் வாத்தியார் வேலையின் லட்சணம்தானே.

மறுநாள் ஐந்து மணிக்குச் சற்று முன்பே அப்பா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி, ஆணியடியில் போய் நின்றார்.

"இன்னா நைனா பண்றே?"

"பேசாத. தொங்கிகினு கீறேன்."

சங்கு ஊதியது. தம்பி வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து சிரித்தான். அப்பா மூச்சுகூட விடவில்லை. பத்து நாள் அப்படித் தொங்கினார். பதினோராம் நாள், சங்கு ஊதும் முன்பே தம்பி அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான்.

அடுத்த கப்பலுக்கு ஆள் கூப்பிட வந்தவரிடம் அப்பா சொன்னார்: "நான் பூட்டா இங்க யாரு தொங்குறது?"