ஒரு கிளாசுக்கே சாய்ந்த சின்னையா அண்ணன்

கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை என்பது, டாக்டர் ஒரு முறை சொன்னதை மூன்று முறை திருப்பிச் சொல்லிவிட்டு, சொல்லாமல் விட்ட ஒன்றுக்காகப் பேச்சு வாங்குவது. எந்தக் கவுண்டருக்காவது பின்னால் நின்று சம்பளம் வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நான் நின்றது தொண்ணூறுகளின் நடுவில், டுரியான் துங்கால் என்ற ஊரில், ஒரு டாக்டரம்மாவின் சிறிய கிளினிக்கில். என் குரல் வேறு மெல்லியது. பாதிப் பேர் காதைக் கவுண்டருக்குள் நீட்டித்தான் மருந்து வாங்குவார்கள்.

பையில் எழுதாதது

சின்னையா அண்ணன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். ஒரு நாள் குலைகளின் மேலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டார். ஐந்து மாதம் கடுமையான வலி மாத்திரை. ஒவ்வொரு முறை பையைக் கொடுக்கும்போதும், “இதோட தண்ணி ஆகாதுண்ணே” என்பேன். “தெரியும் லா” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் சொன்னபடியே இருந்தார். ஒரு சொட்டுத் தொடவில்லை.

டாக்டரம்மா மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு நாள் நிறுத்தினார். அன்றைக்குக் கொடுக்க மாத்திரைப் பை இல்லை. அதனால் சொல்லவும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. தடவ ஒரு தைலம் மட்டும் எடுத்து வைத்தேன். அண்ணன் கவுண்டரில் கையை ஊன்றி, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். “இனிமே நீயும் நானும் பிரண்டு, தம்பி.”

முனியாண்டிக்கு வைத்தது

இரண்டு வாரம் கழித்து அவர் குடியிருக்கும் தோட்டத்தில் முனியாண்டி பூசை. சுருட்டும் ஸ்டவுட் பீரும் படைத்து, பூசை முடிந்ததும் படைத்ததை ஆண்கள் பகிர்ந்து குடிப்பது அங்கே வழக்கம். வேண்டாம் என்று கிளாசைக் கையால் மறைத்தால் சாமிக்கு ஆகாது. முன்பெல்லாம் மூன்று பாட்டில் உள்ளே போன பிறகும் அண்ணன்தான் கோழிக்கறி பங்கு போடுவாராம், ஒரு வீட்டுக்கும் ஒரு துண்டு குறையாது. அன்றைக்கு ஒரு கிளாஸ் குடித்தவர், பந்திக்கு வைத்திருந்த வாழையிலைக் கட்டின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டார். உலுக்கியும் எழவில்லை. தோட்டமே தட்டில் சாப்பிட்டது.

மறுநாள் அவர் மனைவி அஞ்சலை அக்கா, புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை யூனிபாரத்தோடு அவரை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். அக்காவின் கோபத்துக்குக் காரணம் பழையது. முன்பு ஒரு முறை அண்ணன் குடித்ததை மறைத்து மாட்டிக்கொண்டபோது, இன்னொரு பொய் சொன்னால் பிள்ளைகளோடு பாயா ரும்புட்டில் உள்ள தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். இந்தத் தடவை துணிகளைப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டதாம். “ஒரே கிளாஸ்தான் அஞ்சலை” என்று அண்ணன் கவுண்டரைப் பார்த்துச் சொன்னார். அக்கா என்னிடம் திரும்பினார். “பொய் சொன்னாலும் கேக்கறவ நம்பற மாதிரி நாலு பாட்டில்னு சொல்லக் கூடாதா, தம்பி?”

மறுபத்தியம்

டாக்டரம்மா எங்கள் மூவரையும் நிற்க வைத்தே பேசினார். ஒரு கிளாசுக்கே அப்படியும் ஆகலாம் என்றார். ஐந்து மாதம் குடிக்காததில் உடம்புக்குப் பழைய பழக்கம் விட்டுப்போயிருக்கும். அத்தனை நாள் மருந்தில் இருந்த உடம்பு அதை விட்ட பிறகு நிலைக்கு வரவும் நாள் பிடிக்கும். எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் வேறு. வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார். முடிவு வரும்வரை ஒரு சொட்டும் கூடாது. இன்னொரு முறை இப்படி எழுப்ப முடியாமல் கிடந்தால், பந்தி முடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும் என்று அக்காவையும் கடிந்துகொண்டார்.

“உடம்பு பொய் சொல்லலைனு சொல்றீங்க. இவரு சொல்லலைனு சொல்லலையே, டாக்டர்” என்றார் அக்கா. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாத்திரையை நிறுத்திய பிறகும் கவனமாக இருக்கச் சொல்லாதது என் தப்பு என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. “நீ என்ன செய்வ தம்பி, நாட்டு மருந்த நிறுத்துன பிறகும் மறுபத்தியம் இருந்தவன்தான் நானும். இங்கிலீஸ் மருந்துக்கும் அது இருக்குனு யாரு கண்டா?”

பெஞ்சில் இருந்த சாட்சி

ரத்தச் சோதனை முடிவுக்கு அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். வேறு கோளாறு ஏதும் இல்லை. ஆனால் பெட்டி இன்னும் கட்டியபடியே இருக்கிறது என்பது அண்ணனின் முகத்தில் தெரிந்தது. வெளியே பெஞ்சில் அந்த முனியாண்டி கோயில் பூசாரி, காலில் கட்டு மாற்ற உட்கார்ந்திருந்தார். அக்கா நேராக அவர் முன்னால் போய் நின்றார். “பூசாரி, சாமி பேரச் சொல்லிச் சொல்லுங்க. இவருக்கு எத்தனை கிளாஸ் ஊத்துனீங்க?”

பூசாரி யோசிக்கவே இல்லை. “போன வருசம் அடிதடி ஆனதுல இருந்து சாமிக்கு ஒரே பாட்டில்தான். வேற பாட்டில் வாசல் தாண்டலை, நாந்தான் காவலுக்கு நின்னேன். நாலு பேருக்கு ஊத்தணும், இதுல முழு கிளாஸ் எங்க? இவனுக்கு அரை கிளாஸ், அதுலயும் பாதி நுரை.”

அக்கா மெதுவாகத் திரும்பினார். “அப்ப ஒரு கிளாஸ்னதும் பொய்யா?” அண்ணன் தரையைப் பார்த்தார். “அரை கிளாசுக்கு விழுந்தேன்னு சொன்னா லாரிக்காரன் எவனாச்சும் மதிப்பானா அஞ்சலை?” அக்கா சேலைத் தலைப்பு இல்லாத யூனிபாரத்தில் வாயை மூட எதுவும் கிடைக்காமல், கையில் இருந்த ரத்தச் சோதனைத் தாளால் மூடிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். “எங்க அண்ணன் வீட்டுல போயி என்னத்தைச் சொல்வேன் தம்பி, புருசன் கம்மியாக் குடிச்சிட்டாருன்னா?”

நான் அந்தக் கவுண்டரில் நின்ற காலம் முழுவதும், குடித்ததைக் கூட்டிச் சொல்லிக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.