பூச்சிக்காரியின் அட்டை

வீடியோ கேம் செய்கிற அந்த நிறுவனத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூச்சிக்காரி. விளையாட்டில் வரும் கோளாறுகளை அங்கே பூச்சி என்பார்கள். அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் அவள் உத்தியோகம். விளையாடுகிறவர்கள் திரையில் ஒரு கதவைப் பார்த்தால் திறந்துகொண்டு போவார்கள். இவள் முதுகால் மோதுவாள், குதித்துக்கொண்டே மோதுவாள், திறக்கிற நேரம் பார்த்துப் பின்வாங்குவாள். வீரன் யாராவது சுவருக்குள் சிக்கிக்கொண்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறே வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமை காலை அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு அவள் அடையாள அட்டைக்குத் திறக்கவில்லை. சீரமைப்பு, சீரமைப்பு என்று மேலிடம் ஒரு மாதமாக ஓதிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் வேலை போய்விட்டதோ என்று பயந்திருப்பார்கள். இவளுக்கோ கை பரபரத்தது. அட்டையைத் திருப்பிக் காட்டினாள், மெதுவாகக் காட்டினாள், வெடுக்கென்று காட்டினாள், பையோடு சேர்த்தும் காட்டிப் பார்த்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

பின்னால் வந்த தன் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். விளையாட்டுக்கு மரமும் மலையும் வரைகிறவன். அவளே சொல்லி இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவன்.

"எங்க, உன் கார்டைக் காட்டுடா."

பச்சை. அவன் உள்ளே போனான், கதவு மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றாள் காவலாளியிடம், பெருமை பிடிபடாமல். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. கோளாறு என் கார்டுல. எழுதிக்கங்க."

அவர் எழுதவில்லை. நாள்தோறும் மேடம் என்று கூப்பிடுகிற மனிதர் குரலைத் தாழ்த்தினார். "கார்டுலயும் கோளாறு இல்லம்மா. மேல இருந்து உங்களை நிறுத்திட்டாங்க. காலையில இருந்து எத்தனை பேருக்குத்தான் நான் சொல்றது?"

 அவளுக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. தன் தலையில் விழுந்த இடியைப் பூச்சி என்று நினைத்து இவ்வளவு நேரம் கூத்தடித்திருக்கிறாளே! அடுத்து வீட்டு நினைப்பு. படுத்த படுக்கையாய் அப்பா, இரண்டு சம்பளத்தில் எப்படியோ ஓடுகிற குடும்பம். இனி அதில் ஒன்று இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டான். உள்ளிருந்து கதவைத் திறக்கும் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான்.

"அக்கா, இரு. நானும் வெளிய வர்றேன்."

"டேய், தொடாதே!" கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள். வெளியே வந்தால் அந்தக் கதவு அவனுக்கு மறுபடியும் திறக்குமா என்று சோதித்துப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. "போய் உன் சீட்ல உட்காரு. போடா."