மூன்றாவது பிளக்

அந்த ஒர்க் ஷாப்பில் அவரை எல்லோரும் பிளக்கு மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லா வேலையும் தெரிந்தவர்தான். ஆனாலும் வண்டி இழுக்கவில்லை, திணறுகிறது என்று யார் வந்து நின்றாலும் அவரிடம்தான் அனுப்புவார்கள். கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். கரி அப்பியிருக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்கா, வெள்ளை வெளேரென்று வெந்திருக்கிறதா? பார்த்த மாத்திரத்தில் இன்ஜினின் வியாதி அவருக்குத் தெரிந்துவிடும்.

கூடவே வேலை பார்த்த மாப்பிள்ளை அவருடைய தங்கை கணவன். பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். "இன்ஜினுக்கு மரை போனா வேற ஹெட் மாத்திக்கலாம், மச்சான். நமக்கு மரை கழண்டா என்ன பண்றது?" என்று அவன் சிரிக்க வைப்பான்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. ஆறு மாதமாக விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று ஒரு டீச்சரின் காருக்கு நான்கு பிளக்கும் மாற்ற வேண்டியிருந்தது. இன்ஜின் ஆறியபின் மாப்பிள்ளை பழையதையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு வண்டிக்குப் போனான். புதியதை இவர் பூட்டினார். முதல் நாலைந்து சுற்று கையால்தான் திருக வேண்டும். மரை நேராகப் பிடித்ததா என்பதை விரல்தான் சொல்லும். மூன்றாவது பிளக் கோணலாக உட்கார்ந்ததை அவர் விரல் சொல்லவில்லை. இறுக்கம் என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு அழுத்தினார். கரக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி ஓடியதால் அனுப்பிவிட்டார்.

மறுநாளே நடுரோட்டில் அந்தப் பிளக் டப்பென்று பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். மரை முழுக்க நாசம்.

ஓனர் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். "சூடா இருக்கும்போதே கழட்டினியா? அவர் கையில தப்பு வராது. நீதான் மரையைக் கெடுத்திருக்கே!"

மாப்பிள்ளை இவரைப் பார்த்தான். இவர் குனிந்து மேஜைமேல் கிடந்த நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அன்று மாலையே அவனுக்கு வேலை போனது.

மறுநாள் தங்கை வந்தாள். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை பேசினா ஓனர் கேப்பாரு."

"பேசறேம்மா" என்றார். இருபது நாள் பேசவில்லை.

ஒரு காலையில் அடுப்பில் கொதித்த பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கிவந்து வைத்தார். மனைவி அலறிய பிறகுதான் தோல் வழன்றிருப்பதைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. மருந்து தடவி முடித்துவிட்டுக் கேட்டாள்: "போன ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சி வீட்ல போய் இந்தக் கையாலதான சாப்பிட்டீங்க?"

கட்டுப்போட்ட கையோடு நேரே ஓனரிடம் போனார். நடந்ததைச் சொன்னார். ஓனர் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கையை நம்பி எத்தனை வண்டியை விட்டிருக்கேன்... இனிமே ஸ்பேனரைத் தொடாதீங்க" என்றார்.

அங்கிருந்து தங்கை வீடு. மாப்பிள்ளை மூட்டை தூக்கும் வேலைக்குப் போய்விட்டு வந்து சுவரில் சாய்ந்திருந்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும், மச்சான். கொஞ்ச நாளாவே ஸ்பேனரைக் கீழே போட்டுக்கிட்டிருந்தீங்க. நானே சொன்னா காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். நீங்களா சொல்வீங்கன்னுதான் நின்னேன்."

"தப்புதான், மாப்ளே. ஓனர்கிட்ட சொல்லிட்டேன். திரும்பி வந்துடு."

"வரேன். நீங்க அங்க இல்லைன்னா வரேன்."

சமையலறையில் தங்கை பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவே இல்லை.

இப்போது அவர் உதிரிபாகக் கடையொன்றில் நிற்கிறார். வண்டி என்ன, எந்த வருடத்தது என்று கேட்டு, சரியான பிளக்கை எடுத்து வைக்கிறார். "நீளம் பாத்து வாங்குங்க. நீளமா இருந்தா பிஸ்டன்ல இடிக்கும்" என்கிறார். அட்டைப்பெட்டியைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை பழைய ஒர்க் ஷாப்பிலேயே சேர்ந்துவிட்டான். பிளக் வேண்டுமென்றால் இந்தக் கடையைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்குகிறான்.