மந்தம் என்று எழுதிய கை

பெரியவள் அந்தப் பெயரை முதலில் கேட்டது, தான் பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்பில்தான். கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு பிள்ளை, "டீச்சர், பல்லு ஆடுது, பஞ்சக்காகிட்ட போகட்டுமா?" என்றது. யாரடா அந்தப் பஞ்சக்கா என்று பார்த்தால், அவளுடைய சொந்த ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி சின்னவள்! பள்ளிக்கூடத்து மருந்தறைக்கு நர்சாக வந்து பத்து நாள் ஆகவில்லை. அதற்குள், கையில் எப்போதும் பஞ்சு வைத்திருக்கிறாள் என்று பிள்ளைகள் பட்டம் கட்டிவிட்டார்கள்.

பதினெட்டு வருஷம் சாக்பீஸ் தூள் தின்ற பெரியவளுக்கு ஒரு பட்டப்பெயர்கூட வாய்க்கவில்லை. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சலுக்கு அந்த மருந்தறையில் மாத்திரை கிடையாது.

மணி அடித்தால் பிள்ளைகள் மருந்தறை வாசலில் எறும்பாக மொய்த்தார்கள். வயிற்றுவலி என்று வந்ததில் பாதிப் பேர் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பியவர்கள் என்று சின்னவள் கண்டுபிடித்து, தலைமையாசிரியையிடம் சொல்லி, முதல் பாடத்துக்கு முன்னால் பாலும் ரொட்டியும் கொடுக்க வைத்தாள். தூங்கி வழிந்த தலைகள் நிமிர்ந்தன. தன் பாடம் சூடு பிடித்துவிட்டது என்று பெரியவள் சொல்லிக்கொண்டாள்.

அரைப் பரீட்சை முடிந்ததும் உடல்நலப் படிவம் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே வகுப்பு டீச்சர் ஒரு குறிப்பு எழுத வேண்டும். கடைசி பெஞ்சில் ஒரு பெண், எதைக் கேட்டாலும் "ஆங்?" என்பாள். சொல்வதெழுதுதலில் பாதியை விழுங்கிவிடுவாள். பெரியவள் யோசிக்கவேயில்லை, 'மந்தம்' என்று எழுதிவிட்டாள். புத்தி மந்தம் என்பது அவள் நினைப்பு.

சின்னவள் அதைக் காது மந்தம் என்று படித்தாள். கூப்பிட்டு விளக்கடித்துப் பார்த்தால், இரண்டு காதிலும் சீழ். தாயையும் பிள்ளையையும் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு மாதத்தில் அந்தப் பெண் சொல்வதெழுதுதலில் ஒரு பிழையும் விடவில்லை.

தாய் வந்து சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னவளோ, எல்லாம் அக்கா எழுதிக் கொடுத்ததால்தான் என்றாள். தலைமையாசிரியைக்கும் சந்தோஷம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மற்ற டீச்சர்களுக்குச் சொல்லுங்கள் என்று பெரியவளைக் கேட்டுக்கொண்டாள்.

பெரியவள் மூன்று நாள் புழுங்கினாள். வாயை மூடிக்கொண்டால் பேர் கிடைக்கும். ஆனால் அது சின்னவள் போட்ட பிச்சை. அதற்குத் தலைகுனிவே மேல் என்று தோன்றிவிட்டது அவளுக்கு. வெள்ளிக்கிழமை எழுந்து நின்றாள்.

"நான் காதைச் சொல்லல. புத்தியைத்தான் சொன்னேன்."

சின்னவள் புரியாமல் பார்த்தாள்.

"நம்ம அக்கா ஒரு பிள்ளையைப் போயி அப்படிச் சொல்வாங்களான்னுதான், காதுன்னு நெனச்சுட்டேன்."

அவள் குத்திப் பேசவில்லை, வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். அதுதான் பெரியவளுக்கு ஆறவில்லை. அதற்குப் பிறகு படிவத்தில் ஒற்றைச் சொல் எழுதுவதை விட்டாள். பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, கண்ணைப் பார்த்து, காதில் பேசிப் பார்த்து, நாலு வரி எழுதினாள். சின்னவளுக்கு முன்னால் தான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வீம்பு.

பஞ்சக்கா இப்போது மூன்று பள்ளிக்கூடங்களுக்கு நர்சாக இருக்கிறாள். பெரியவள் எழுதி வைக்கும் நாலு வரி இருப்பதால், செவ்வாயும் வியாழனும் மட்டும் இங்கே வந்தால் போதுகிறது.